எந்தக் காட்டுப் பன்றி?

திண்டுக்கல் சீமையில் ஒருவர் காலையில் "காட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினால் புலி பார்க்கப் போகிறார் என்று அர்த்தமில்லை. களை எடுக்கவோ மாட்டை மாற்றிக் கட்டவோ போகிறார். மானாவாரி நிலத்துக்கு இங்கே பெயரே காடுதான். சோளக்காடு, கடலைக்காடு, மிளகாய்க்காடு. மரமும் மிருகமும் இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டுமானால் 'மலை' என்பார்கள். இல்லாவிட்டால் 'பாரஸ்ட்' என்பார்கள். காட்டுப்பன்றிக்குப் பெயர் வைத்தவர்கள் எந்தக் காட்டை நினைத்து வைத்தார்களோ தெரியாது. பன்றி இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

தாடிக்கொம்பு, திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் சாலையில் இருக்கிறது. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஓர் ஐப்பசிக் காலையில் நான் போனது கோயிலைத் தாண்டி, குடகனாற்றுப் பக்கம் இருந்த ஒரு கடலைக்காட்டுக்கு. ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பிடுங்கியிருப்பார்கள். முந்தின இரவே வேறு யாரோ பிடுங்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

"டிராக்டர் விட்ட மாதிரி இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார் காட்டுக்காரர்.

இருந்தது. செடிகள் சாய்ந்து வாடிக் கிடக்க, சால் சாலாக மண் புரண்டிருந்தது. சில இடங்களில் வரிசை பிசகாமல் பத்துப் பன்னிரண்டு அடிக்கு நேர்கோடு. மென்று துப்பிய தொலிகள். ஈர மண்ணில் குளம்படிகள்: முன்னால் இரண்டு பெரியவை, அவற்றுக்குப் பின்னால் பக்கவாட்டில் விலகி இரண்டு சின்னப் புள்ளிகள். ஆட்டுக்கும் பின்குளம்பு உண்டு, ஆனால் அது மேலே தூக்கினாற்போல் இருப்பதால் சாதாரணமாகத் தரையில் படாது. பன்றிக்குத் தாழ்வாக இருப்பதால் இளகிய மண்ணில் பதிந்துவிடும். அந்த இரண்டு புள்ளிகள் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

பன்றியைத் தெரிந்துகொள்ள மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வட்டத் தகடு வெறும் சதை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதற்குள், மூக்கின் நுனியில், முன்மூக்கெலும்பு என்று ஒரு தனி எலும்பு இருக்கிறது. கலப்பைக்குக் கொழு எப்படியோ அப்படி. தகட்டின் விளிம்பு கெட்டியான குருத்தெலும்பு; அதன் பரப்பு முழுக்க நரம்பு முனைகள். பின்னால் இருந்து தள்ளுவதற்குக் கழுத்தும் பிடரியும் சேர்ந்த ஒரே தசைத் திரள். காட்டுப்பன்றியை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இருப்பதாகவே தோன்றாது. முன்பாதி கனத்து, பின்பாதி ஒடுங்கி, தலையே ஓர் ஆப்பு போல இருக்கும். தள்ளு, தூக்கு, புரட்டு. இந்த மூன்று வேலைக்காகவே வார்த்த உடம்பு.

வேலை செய்வது எலும்பும் தசையும்; வழி காட்டுவது மோப்பம். மணத்தை உணரும் மரபணுக்கள் மனிதருக்கு ஏறக்குறைய 400 வேலை செய்கின்றன. பன்றிக்கு ஆயிரத்துக்கும் மேல். கண் அதற்குச் சுமார்தான். இருட்டில் ஒரு கடலைக்காட்டுக்குள் நுழைகிற பன்றிக்கு மண்ணுக்குக் கீழே எந்தத் தூரில் காய் முற்றியிருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். அதனால்தான் விதைத்தபோது வந்து விதையைப் பொறுக்கிய பிறகு நடுவில் அவ்வளவாகத் தொந்தரவு இருக்காது என்றும், காய் பிடித்துப் பால் இறுகுகிற சமயத்தில் சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்கும் என்றும் காட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். நாம் செடியைப் பிடுங்கித் தொலியை நசுக்கிப் பார்த்துத்தான் முற்றலா பிஞ்சா என்று சொல்ல முடியும்.

மலைக்காட்டிலும் அது இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே கிழங்கு, மண்புழு, வண்டின் புழு, விழுந்த பழம், செத்த மான், கிடைத்தால் பாம்பு. நாகத்தின் நரம்பு நஞ்சு, தசையில் உள்ள ஓர் ஏற்பியில் ஒட்டிக்கொண்டுதான் உடம்பை முடக்கும். பன்றியின் அந்த ஏற்பியில் நஞ்சு ஒட்ட முடியாதபடி ஒரு சிறு மாற்றம் இருப்பதை 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கீரிக்கும் முள்ளெலிக்கும் உள்ள வரம் இதற்கும் உண்டு. மழைக்காலத்தில் பன்றி கிளறிப்போட்ட மண்ணில் விதைகள் முளைக்கும், நீர் இறங்கும். திண்டுக்கல் அருகே உள்ள சிறுமலையில் இதைச் செய்தால் மண்ணுக்கு நல்லது. சமவெளியில் செய்தால் அந்த வருஷத்துப் பாடு போச்சு.

தமிழ் இந்தப் பிராணியை நன்றாக அறிந்த மொழி. கேழல், ஏனம், எறுழி என்று தனித்தனிப் பெயர்கள். குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனம் காக்கப் பெண்கள் பரண் ஏறியது கிளிக்காக மட்டும் இல்லை. நற்றிணையின் 98ஆம் பாடலில் ஒரு பன்றி, பொறி வைத்த குறுகலான வழியில் புனத்துக்குள் நுழையப் போகும்போது பக்கத்தில் பல்லி ஒலிக்க, மெல்லப் பின்வாங்கித் தன் கல்முழைக்கே திரும்பிவிடுகிறது. சகுனத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தப் புலவர் கவனித்தது சரிதான். முரட்டுப் பிராணி என்று பேரெடுத்த பன்றி, புது இடத்தில் நுழையும்போது படு எச்சரிக்கையாக இருக்கும். ஒரு சின்னச் சத்தம் போதும், நின்று காற்றைப் பிடிக்கும். ஆனால் அதே சத்தம் மூன்று ராத்திரி வந்து ஒன்றும் நடக்கவில்லை என்றால், நாலாம் ராத்திரி அதைப் பொருட்படுத்தாது. வயலில் பாட்டுப் பெட்டி வைத்துப் பார்த்தவர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இதே குடும்பத்தில் ஆப்பிரிக்காவில் ஒரு தாயாதி இருக்கிறது. 'தி லயன் கிங்' படத்தின் பும்பா. 2019இல் வந்த தமிழ் வடிவத்தில் ரோபோ சங்கர் குரல் கொடுத்தாரே, அதேதான். முகத்தில் கண்ணுக்குக் கீழேயும் கன்னத்திலும் மரு மருவாகத் தொங்குவதால் மருப்பன்றி என்று சொல்லலாம். நம் பன்றி இரவில் நடமாடினால், அது பட்டப்பகலில் மேயும். நம் பன்றி எதையும் தின்னும். அது பெரும்பாலும் புல் தின்னும். கால் நீளம், கழுத்துக் குட்டை, வாய் புல்லுக்கு எட்டாது. அதனால் முன்னங்காலை மடக்கி, மணிக்கட்டில் மண்டியிட்டு, அப்படியே நகர்ந்து நகர்ந்து மேய்கிறது. மண்டியிடும் இடத்தில் தோல் காய்ப்பேறித் தடித்திருக்கும். தேய்ந்து தேய்ந்து வந்த காய்ப்பு என்று நினைப்போம். ஆனால் தாய் வயிற்றில் இருக்கும் குட்டிக்கே அந்தத் தடிப்பு உண்டு.

அதன் மருக்கள் அழகுக்கு இல்லை. ஆண்கள் நேருக்கு நேர் தலையை முட்டிச் சண்டை போடும். எதிராளியின் கொம்பு கண்ணில் படாமல் மரு தாங்கிக்கொள்ளும். நம் பன்றி தோளோடு தோள் உரசி நின்று பக்கவாட்டில் கிழிக்கும். அதற்கேற்ப அதன் கவசம் தோளில் இருக்கிறது. வளர்ந்த ஆணின் தோள்பட்டையில் தோலுக்கடியில் தடித்த இழைகளால் ஆன ஒரு பலகை. வயது ஏற ஏறக் கெட்டியாகும். ஒரே குடும்பம், இரண்டு சண்டை முறை, இரண்டு கேடயம்.

கொம்பு என்று சொன்னேன். பன்றிக்குக் கொம்பு கிடையாது, அது கோரைப்பல். ஆனால் தமிழில் யானைக்கும் பன்றிக்கும் வெளியே நீண்டிருப்பதைக் கொம்பு என்று சொல்வதே வழக்கம். தேவாரத்துச் சிவன் பன்றிக் கொம்பை மார்பில் அணிந்தவன். பெருமாளோ பன்றியாகவே வந்து அந்தக் கொம்பில் பூமியைத் தூக்கியவர். விஜயநகர அரசின் முத்திரையில் இருந்தது வராகம், அதன் பொன் நாணயத்துக்குப் பெயரும் வராகன். தாடிக்கொம்பின் பெயரில் உள்ள கொம்புக்கும் பன்றிக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி ஆபத்தான விளையாட்டு. ஆண் பன்றியின் கொம்பு சாகும்வரை வளரும். கீழ்க்கொம்பு மேல்நோக்கி வரும், மேல்கொம்பும் வழக்கத்துக்கு மாறாக மேல்நோக்கியே திரும்பும். வாயை மூடித் திறக்கும்போதெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று உரசும். மேலது சாணைக்கல், கீழது கத்தி. கோபம் வந்த பன்றி பல்லை நறநறவென்று கடிப்பதாகச் சொல்கிறார்களே, அந்தச் சத்தமும் இந்தச் சாணை பிடிப்பும் ஒரே இடத்தில்தான்.

ஒத்தைப் பன்றிதான் ஆபத்து என்பார்கள் ஊரில். அந்த ஒத்தைப் பன்றி பெரும்பாலும் வளர்ந்த ஆண். 100 கிலோவைத் தாண்டும். இனச்சேர்க்கைக் காலம் தவிர்த்துத் தனியாகவே திரியும். கூட்டமாக வருவது பெண்களும் குட்டிகளும். அம்மா, மகள்கள், பேரக்குட்டிகள், சில நேரம் சித்தி பெரியம்மா. எந்தக் காட்டில் எந்த மாதம் என்ன விளையும், எந்த வேலியில் எந்த இடத்தில் ஓட்டை என்ற அறிவு முன்னால் போகும் மூத்த பெண்ணிடம் இருக்கிறது. குட்டிகள் அதன் பின்னால் நடந்தே கற்றுக்கொள்கின்றன.

குட்டி போடும் நேரம் வந்தால் தாய் கூட்டத்தைவிட்டு விலகிவிடும். சினைக்காலம் நாலு மாதத்துக்குச் சற்றுக் குறைவு, 115 நாள் போல. நாலிலிருந்து ஆறு குட்டி என்பது சாதாரணம். விலகிப் போன தாய் என்ன செய்யும் தெரியுமா? கூடு கட்டும். புல்லையும் கொடியையும் செத்தையையும் வாயால் அறுத்துக்கொண்டு வந்து, குழியில் மெத்தைபோல் குவித்து, அதற்கடியில் புகுந்துகொள்ளும். ஆடு, மாடு, மான் எதுவும் இப்படிச் செய்வதில்லை. கன்று விழுந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும், அவ்வளவுதான்.

பன்றிக்கு மட்டும் ஏன் கூடு? இதற்கான விடை அதன் மரபணுவில், ஓர் இழப்பாக இருக்கிறது. பிறந்த குட்டிக்குக் குளிர் தாங்க, பாலூட்டிகள் பலவற்றுக்குப் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு. நடுங்காமலேயே உடம்புக்குள் சூடு உண்டாக்கும் அடுப்பு அது. மனிதக் குழந்தைக்கும் இருக்கிறது. அந்த அடுப்பைப் பற்றவைக்கும் மரபணு, பன்றிகளின் மூதாதையிடம் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது என்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2006இல் கண்டார்கள். வெப்ப நாட்டில் வாழ்ந்த பிராணிக்கு அந்த நாளில் அதனால் குறை தெரிந்திருக்காது. பிறகு குளிர்ப் பிரதேசங்களுக்கும் பரவியபோது குட்டிகள் நடுங்கின. நடுங்கியே சூடேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அம்மா கட்டிய மெத்தைக்குள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். பன்றிக்கொட்டகை வைத்திருப்பவர்கள் பிறந்த குட்டிக்கு மேலே குண்டு பல்பு கட்டித் தொங்கவிடுகிறார்களே, அவர்கள் அந்தப் பழுதான அடுப்புக்குப் பதில் அடுப்பு வைக்கிறார்கள்.

ஆப்பிரிக்கத் தாயாதி கூட்டுக்குப் பதிலாக வளையை எடுத்துக்கொண்டது. அதுவும் சொந்தமாகத் தோண்டியதாக இருப்பது அபூர்வம். எறும்புதின்னிப் பிராணி ஒன்று தோண்டிக் கைவிட்ட வளைக்குள் குடியேறும். குட்டிகள் தலை முதலாக உள்ளே பாயும். பெரியவை திரும்பி நின்று பின்பக்கமாகப் புகும், வாசலில் கொம்பு காவல் இருக்கும்படி.

அந்த வளையின் மண்சுவரில் ஒருவகை மென்னுண்ணி வாழ்கிறது. உண்ணியின் உடம்பில் ஒரு வைரஸ். பிறந்த சில வாரத்திலேயே குட்டியை உண்ணி கடிக்கும், வைரஸ் இரத்தத்தில் ஏறும், சில நாளில் இறங்கும். குட்டிக்கு ஒன்றும் ஆகாது. உண்ணி, வைரஸ், மருப்பன்றி மூன்றுக்கும் நெடுங்காலத்து உடன்படிக்கை. கென்யாவில் வெள்ளைக்காரக் குடியேறிகள் ஐரோப்பியப் பன்றிகளைக் கொண்டுவந்து வளர்த்தபோதுதான் விவகாரம் வெளிப்பட்டது. கொண்டுவந்த பன்றிகள் இரத்தம் கசிந்து கொத்துக் கொத்தாகச் செத்தன. மான்ட்கோமரி என்ற கால்நடை மருத்துவர் 1921இல் அதை விவரித்து எழுதினார். அதுதான் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்.

2007இல் ஜார்ஜியா நாட்டுக்கு வந்தது, 2018இல் சீனா, 2020இல் அசாமும் அருணாசலமும். 2022இல் வயநாட்டுப் பண்ணைகள். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழ ஆரம்பித்தன. சோதித்ததில் இதே காய்ச்சல். நம் ஊர்க் கொட்டகைப் பன்றியும் காட்டுப்பன்றியும் ஒரே இனம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டுப்பன்றியைப் பழக்கித்தான் வீட்டுப்பன்றி உண்டானது. ஆகவே வைரசுக்கும் இரண்டும் ஒன்றே. இந்தக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் இறைச்சியில், உறைய வைத்த நிலையில்கூட, மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் பன்றிக்குப் போடாதீர்கள் என்று கால்நடைத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அசாமின் புல்வெளிகளில் மட்டுமே எஞ்சியிருக்கும் குள்ளப் பன்றிக்கு இது பரவினால் அந்த இனமே போய்விடலாம். ஆப்பிரிக்காவில் ஒரு வளைக்குள் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்த சமாச்சாரம்.

தாடிக்கொம்புக் காட்டுக்காரருக்கு வைரசைவிடக் கடலை முக்கியம். வேலியில் அவர் சேலை கட்டியிருந்தார், மஞ்சளும் ரோஸுமாக. தமிழ்நாடு முழுக்க இது ஒரு தேசியக்கொடிபோல ஆகிவிட்டது. காற்றில் ஆடுவதும், மனித வாடையும் பன்றியை நிறுத்தும் என்று நம்பிக்கை. சில நாளைக்கு நிறுத்தும், பிறகு பழகிவிடும். சிலர் முடிதிருத்தகத்திலிருந்து மயிரை மூட்டையாக வாங்கி வரப்பில் தூவுகிறார்கள். மோப்பம் பிடிக்கும் மூக்கில் ஏறி உறுத்தும் என்பது கணக்கு. மூக்கைக் குறிவைக்கும் வழி என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் மரியாதை உண்டு, ஆனால் ஒரு மழை பெய்தால் திரும்பவும் வாங்கிவர வேண்டும்.

மின்கம்பி இழுப்பது வேறு கதை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காகக் கள்ளத்தனமாக இழுத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் செத்த தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே பார்த்தது. மேற்கு மாவட்டங்களில் பழத்துக்குள் வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியும் பன்றிக்கென்றே வைப்பது. கடித்து வாய் சிதைந்து பட்டினியில் சாவது பல சமயம் யானை. பன்றியின் பெயரால் நாம் வைக்கும் பொறிகளுக்குப் பன்றியை அடையாளம் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. விவசாயி தன்னிஷ்டத்துக்குக் கொல்ல முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வந்தால் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனத்துறையினர் சுடலாம். படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இதில் இரண்டு சிக்கல். முதலாவது, எதைச் சுடுவது என்பது. பிரான்சில் கடுமையாக வேட்டையாடப்பட்ட ஒரு காட்டுப்பன்றிக் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர்கள், குட்டிகள் வருஷத்தில் முன்னைவிட முன்கூட்டியே பிறக்கத் தொடங்கியதைக் கண்டார்கள். முந்திப் பிறந்த பெண் குட்டி அடுத்த வேட்டைக் காலத்துக்குள் வளர்ந்து, ஒரு வயதைத் தொட்டதும் தாயாகிவிடும். சுடச் சுட, சீக்கிரம் பெருகும் பன்றியைத்தான் நாம் பொறுக்கி எடுக்கிறோம்.

இரண்டாவது, கிலோமீட்டரை எங்கிருந்து அளப்பது என்பது. அது எனக்கு அன்று தாடிக்கொம்பில், மதியம்தான் புரிந்தது. பகலில் அதுகள் எங்கே இருக்கும் என்று கேட்டேன். மலை இங்கிருந்து தூரம். ராத்திரிக்கு ராத்திரி அங்கிருந்து நடந்துவந்து விடிவதற்குள் திரும்புவதாக இருக்க முடியாது.

"மலையா? அந்தா இருக்கே" என்று ஆற்றுப் பக்கம் கையை நீட்டினார்.

சீமைக்கருவேலம். ஆற்றுப் படுகையிலும் ஓடை ஓரத்திலும் கண்மாய்க்குள்ளும் ஆள் நுழைய முடியாமல் அடைத்து நிற்கிற முள். மனிதனுக்கு முள், பன்றிக்கு நிழல், மறைவு, போதாததற்கு இனிப்பான நெற்று. சிறுத்தை கிடையாது, செந்நாய் கிடையாது. பக்கத்திலேயே கடலை, மக்காச்சோளம், கரும்பு. நாமே திட்டம் போட்டுப் பன்றிக்கு ஒரு சரணாலயம் அமைத்திருந்தாலும் இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது.

விறகு வெட்டுகிறவர்கள் போட்டிருந்த ஒற்றையடித் தடத்தில் குனிந்து நுழைந்தோம். தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம், குழம்பிய சேறு, விளிம்பில் உடம்பு புரண்ட அச்சு. வியர்வையால் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாத பிராணிக்குச் சேறுதான் குளியலறை. பக்கத்து மரத்தில் இடுப்பு உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது, அதில் நுனி பிளந்த கறுப்பு மயிர் இரண்டு மூன்று. இன்னும் பத்தடி தள்ளி, முள் தாழ்ந்து கூரைபோலக் கவிந்த இடத்தில், ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு குவியல். புல்லும் செத்தையும் அமுங்கி, நடுவில் குழிந்து, காலியாகக் கிடந்தது.

அவர் குச்சியால் மேலே இருந்ததை விலக்கினார். அடியில் காய்ந்து பழுப்பேறிய கொடி. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து நிமிட்டிப் பார்த்தார். வேரில் சுருங்கிப்போன ஒரு கடலைப் பொக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என் காட்டுக் கொடிதான் தம்பி. ஆனா இந்த வருசத்துது இல்ல."